வெளிச்சத்துக்கு ஷட்டர் போட்ட லஸ்கர்

தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு நாற்காலியில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் உட்கார முடியாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தெருக்கோடி லஸ்கர். நாற்காலியை அவர் உட்காரும் பொருளாக மதித்ததே இல்லை. எழுந்து போவதற்கு முன் ஒரு தடவை தொட்டுவிட்டுப் போகும் சாமான், அவ்வளவுதான். என் வீட்டுக்கு வருவார், கூடத்தில் உட்காருவார். நான் காபிக்குக் குரல் கொடுத்துவிட்டுத் திரும்பினால் கொல்லையில் நின்று என் தண்ணீர்த் தொட்டியின் வால்வைத் திருகிக்கொண்டிருப்பார். என் மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடப்பாள். ஒரு நாள் அந்தக் காபி தெருமுனை வரைக்கும் போய், குடிக்க ஆளில்லாமல் ஆறித் திரும்பி வந்தது.

லஸ்கர் என்பது பெயரல்ல, உத்தியோகம். ஆற்றிலிருந்தும் பெரிய வாய்க்காலிலிருந்தும் பிரிகிற மதகுகளின் ஷட்டரைத் திறந்து மூடி, இன்ன வாய்க்காலுக்கு இத்தனை அடித் தண்ணீர் என்று அளந்து விடுகிற பணியாளரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். ஒரத்தநாட்டு வட்டாரத்தில் முப்பத்தைந்து வருடம் அந்த வேலையைப் பார்த்தவர் இவர். ரேஷன் கார்டில் இவருக்கும் ஏதோ ஒரு பெயர் இருந்துதான் ஆக வேண்டும். வருவாய்த் துறையில் ஆயுள் முழுக்கக் குப்பை கொட்டி, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்ற எனக்கே அது தெரியாது என்றால் வேறு யாருக்குத் தெரியப் போகிறது.

வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் தண்ணீரோடு ஓடுவார். தண்ணீர் நின்றுவிட்ட மாதங்களில் ஏன் நின்றது என்று பார்க்க ஓடுவார். அவருடைய பணி நிறைவு விழாவுக்கு நானும் போயிருந்தேன். மேடையில் ஒரு பொறியாளர், "ஓய்வறியாத உழைப்பாளி" என்று கையை நீட்டிக் காட்டினார். காட்டிய இடத்தில் நாற்காலியும் அதன்மேல் ஒரு ரோஜா மாலையும் இருந்தன. உழைப்பாளி மேடைக்குக் கீழே மைக் ஸ்டாண்டின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்ற பிறகாவது அடங்குவார் என்று அவர் மனைவி மல்லிகா நம்பினாள். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்தாள். போன ஐப்பசியில் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, நான் ஓசூருக்குப் பையன்கிட்ட போறேன். போனா வர்ற மாதிரி இல்ல."

"லஸ்கர்?"

"அவருக்கு மதகு இருக்கு. எனக்கு யாரு இருக்கா? முப்பத்தி நாலு வருசமா சோத்துக்கு உக்காருவாரு. கொழம்பு ஊத்தறதுக்குள்ள எந்திரிச்சிடுவாரு. அந்த வீட்டுல ரசம்னு ஒண்ணு வெக்கிறதே நான் மட்டும் குடிக்கத்தான். அங்க பேரன் இருக்கான். அவனாவது போட்ட எடத்துல கெடக்கான். இன்னும் குப்புற விழலை."

மல்லிகா அழுதுகொண்டு சொல்லியிருந்தால் நான் அவ்வளவாகக் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அரிசிக்கு உலை வைத்துவிட்டேன் என்பது போலச் சொன்னாள். கோப்பில் கையெழுத்தாகிவிட்டது, இனி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அவளுக்கு ஒரு பழைய மனத்தாங்கலும் உண்டு. கல்யாணமான முதல் மாதம் லஸ்கர் அவளைத் தஞ்சாவூருக்குச் சினிமா பார்க்க அழைத்துப் போனார். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், கதாநாயகன் கதாநாயகியிடம் மனசைத் திறக்கப் போகிற கட்டத்தில், அவர்கள் இருவரையும் மறைத்துக்கொண்டு திரையில் ஒரு சிலைடு விழுந்தது. 'ஒரத்தநாடு லஸ்கர் உடனே வெளியே வரவும்.' எங்கோ கரையில் கசிவாம், ஜீப்பில் ஆள் வந்து காத்திருந்தார். "இங்கேயே இரு, வந்துடறேன்" என்று எழுந்தவர் மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். புதுப்பெண் மீதிப் படத்தைத் தனியாகப் பார்த்துவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு அவள் அவரோடு தியேட்டர் வாசல் மிதித்ததில்லை.

மல்லிகா வந்து போன மறுநாள் காலையில் லஸ்கர் வந்தார். இந்த முறை நாற்காலியைத் தொடக்கூட இல்லை.

"சார், இவ போறேங்கிறா."

"தெரியும்."

"தியேட்டருக்குத்தானே வர மாட்டேங்கிறா? தியேட்டரே வீட்டுக்கு வந்துட்டா?"

புரொஜெக்டர் வாங்கி வீட்டிலேயே ஒரு தியேட்டர் கட்டிவிடுவதாக மல்லிகாவிடம் சொல்லியிருக்கிறார். அவள் அரிவாள்மணையிலிருந்து தலை நிமிராமல் நிபந்தனை போட்டுவிட்டாள்.

"ஒரே ஒரு படம். பேர் போடறதுலேருந்து சுபம் போடற வரைக்கும். என் பக்கத்து நாற்காலியில. அப்புடி உக்காந்துட்டீங்கன்னா நான் போறதப் பத்தி யோசிக்கிறேன். நடுவுல எந்திரிச்சீங்க, மறுநாள் காலையில நான் பஸ்ஸுல இருப்பேன்."

தீபாவளி கழிந்து இரண்டாவது திங்கட்கிழமை பஸ்ஸுக்கு மகன் சீட்டும் போட்டுவிட்டான். இடையில் மூன்று வாரம் இருந்தது.

எந்தக் காரியத்துக்கும் ஒரு முறை உண்டு என்று நம்புகிறவன் நான். முதலில் கள ஆய்வு, பிறகு வரைபடம், அதன் பிறகுதான் ஆணியே அடிக்க வேண்டும். லஸ்கர் வீட்டில் நெல் மூட்டை அடுக்குகிற பின்னறையைத் தேர்ந்தெடுத்தோம். நான் டேப் பிடித்து நாலு பக்கமும் அளந்து, புல வரைபடம் போலவே ஒரு படம் வரைந்து, வட திசையைக்கூடக் குறித்துக் கொடுத்தேன். புரொஜெக்டரோடு வந்த கையேட்டையும் வரி விடாமல் படித்தேன். அது பதினாறு மொழிகளில் இருந்தது, தமிழைத் தவிர. சுவருக்கும் கருவிக்கும் எவ்வளவு தூரம், லென்ஸ் எந்த உயரத்தில், அறையில் எவ்வளவு இருட்டு என்று எல்லாவற்றையும் ஒரு முழு வெள்ளைத் தாளில் எழுதி லஸ்கரிடம் நீட்டினேன். அவர் அதை மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் வைத்தார்.

ஜன்னலுக்கு மட்டும் குறை சொல்ல முடியாது. நெல் நாற்று விடும் பாய் நாற்றங்காலுக்கு விரிக்கிற கறுப்பு பிளாஸ்டிக் தாளை இரண்டு மடிப்பாக அடித்துவிட்டார். உச்சி வெயிலிலும் உள்ளே கை தெரியவில்லை. தகராறு ஆரம்பித்தது புரொஜெக்டரை மாட்டுகிற இடத்தில்தான். எலக்ட்ரீஷியன் பாபு ஏணியில் நின்று அதை மட்டமாகப் பொருத்திக்கொண்டிருந்தார். லஸ்கர் கீழே நின்று ஏணியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏன் பாபு, மட்டமா வெச்சா எப்புடிப் பாயும்? சரிவு வேணாமா?"

"அண்ணே, இது லைட்டுண்ணே. தானா போயிடும்."

"தானா போயிடும்னு சொல்லிச் சொல்லித்தான் கடைமடைக்காரன் அம்புட்டுப் பேரும் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நிக்கிறான்."

"செவுரு பன்னெண்டு அடிலதாண்ணே இருக்கு. கடைமடை எங்கேருந்து வருது?"

"பன்னெண்டு அடின்னாலும் கடைசி அடி கடைமடைதான்."

பாபு என்னிடம் பார்வையாலேயே ஒரு மேல்முறையீடு செய்தார். இதில் நான் தலையிட விதியில்லை. பாபு ஏணியை எடுத்துக்கொண்டு போன பிறகு லஸ்கர் தன் கையாலேயே புரொஜெக்டரின் பின்பக்கத்தைத் தூக்கி, முன்பக்கத்தைத் தாழ்த்தி, நல்ல வாட்டமாக மாட்டிவிட்டார். படம் போட்டோம். மேலே ஒடுங்கி, கீழே அகன்று விழுந்தது. திரையில் வந்த அத்தனை பேருக்கும் தலை எலுமிச்சங்காய், பாதம் பலாப்பழம். கையேட்டில் இதற்குத் திருத்தம் இருக்கிறது, ஒரு பொத்தானை அமுக்கினால் சரியாகிவிடும் என்று விளக்கினேன்.

"எதுக்கு சார்? அடி அகலம், தலை ஒடுக்கம். கரைன்னா அப்புடித்தான் இருக்கணும். நேரா நிமித்தி வெச்சா மொத வெள்ளத்துலயே சரிஞ்சிடும்."

மல்லிகா கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். "ஏண்ணே, இவங்க எல்லாரும் கால்ல அம்மியக் கட்டிக்கிட்டா நடக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். லஸ்கர் மதியச் சாப்பாட்டில் ஒரு வாய் வைத்துவிட்டு வயல் பக்கம் எழுந்து போன நேரத்தில் நானே அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டேன். படம் ஓரளவு நேரானது. சரிவு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று அவர் மாலையில் தெருவெல்லாம் சொன்னார்.

அடுத்தது ஷட்டர். ரிமோட் என்ற பொருளின்மேல் அவருக்கு நம்பிக்கை வரவே இல்லை. "கையில புடிச்சுத் திருகாம ஒண்ணை எப்புடி சார் தொறக்கிறது? தொறந்துச்சா இல்லையான்னு கைக்கு எப்புடித் தெரியும்?" என்றார். ஒரு தகரத் தட்டையும் மரை போட்ட ஒரு கம்பியையும் தேடிப் பிடித்து, பழைய தையல் மிஷினின் கைச்சக்கரம் ஒன்றை மேலே பொருத்தி, லென்ஸுக்கு ஒரு சாண் முன்னால் அசல் மதகு ஷட்டர் ஒன்றைக் கட்டிவிட்டார். பதினோரு சுற்றுச் சுற்றினால் முழுப் படம். அதோடு விடாமல் திரைச்சுவரின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக அடிக்கணக்குக் கோடு போட்டு, எண்ணும் எழுதினார். வாய்க்கால் ஓரத்தில் தண்ணீர் மட்டம் பார்க்க நட்டிருப்பார்களே, அதே கேஜ்.

எடுத்த எடுப்பில் முழுசாகத் திறக்கவும் மாட்டார். "மொதல்ல கால்வாசி. செவுரு தாங்குதான்னு பாக்கணும்" என்பார். ஆகவே எந்தப் படத்தைப் போட்டாலும் முதல் கால் மணி நேரம் ஆட்களின் முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். யார் பேசுகிறார்கள் என்பதைச் செருப்பை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் எழுந்து போகும்போது ஷட்டரை மூடிவிட்டுப் போவார், படம் தகரத்துக்குப் பின்னால் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். தகரம் சூடேறி ஒரு வாசனை வரும். நிறுத்தி வைக்க ரிமோட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது என்று ஞாபகப்படுத்தினேன்.

"நிறுத்தி வெச்சது நாறிப் போயிடும் சார்" என்றார்.

மறுபடியும் கையேட்டுக்கு வருகிறேன். வெறுஞ்சுவரில் ஒலி எதிரொலிக்கும், பின்சுவரில் மெத்தென்ற பொருளை அடுக்கினால் எதிரொலி அடங்கும் என்று அதில் இருந்தது. இதை மட்டும் லஸ்கர் உடனே ஏற்றுக்கொண்டார். குறுவை அறுத்த நெல் மூட்டைகள் தாழ்வாரத்தில் கிடந்தன. எல்லாவற்றையும் பின்சுவரில் கூரை முட்ட அடுக்கினார். ஒலி எப்படி இருந்தது தெரியுமா? பட்டணத்தில் குளிரூட்டிய அரங்குகளில்கூட நான் அப்படிக் கேட்டதில்லை. வசனத்தின் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து காதில் உட்கார்ந்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அதற்குள் அந்துப்பூச்சி கிளம்பிவிட்டது. நெல் மூட்டையிலிருந்து வரும் அந்தச் சின்னப் பூச்சிகளுக்கு, இருட்டறையில் ஒரே ஒரு வெளிச்சம் என்றால் கேட்க வேண்டுமா? ஒவ்வொன்றும் லென்ஸுக்கு எதிரே பறக்கும்போது திரையில் கழுகு அளவுக்கு நிழல் விழுந்தது. கதாநாயகி கணவனின் கடிதத்தை வைத்துக்கொண்டு விம்முகிறாள், நாலு கழுகுகள் அவள் தலையைச் சுற்றுகின்றன. சில பூச்சிகள் திரைச்சுவரிலேயே போய் உட்கார்ந்துகொண்டன. லஸ்கருக்கு எழுந்திருக்க ஒரு நியாயமான காரணம் கிடைத்துவிட்டது. துண்டை உதறிக்கொண்டு சுவருக்கு ஓடி விளாசினார்.

கதவருகே மல்லிகாவின் குரல் கேட்டது. "அந்தப் பொண்ணே புருசன் இல்லாம அழுவுது. நீங்க வேற ஏன் போயி மூஞ்சியில அடிக்கிறீங்க?"

மறுநாள் காலையில் அத்தனை மூட்டையும் என் வீட்டுக் கூடத்தில் இருந்தன. என் மனைவி அவற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அன்று என் காபியை ஒரு மூட்டையின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஆனாலும் இதெல்லாம் வேடிக்கைதான். உண்மையான அடி பின்னால் வந்தது. பின்பக்கத்திலிருந்து வந்தது என்றே சொல்லலாம். பாபு அறையைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர்களைப் பொருத்தி முடித்து, ஒலி எப்படிச் சுற்றி வருகிறது என்று காட்டுவதற்காக ஒரு மாதிரிப் படத்தைப் போட்டார். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். லஸ்கர் உட்கார்ந்திருந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். ஏழு நிமிடம். நான் அவரை அறிந்த வரையில் அதுவரை இல்லாத அளவு. மல்லிகாவைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று நினைத்தேன். அப்போது இடது பின்மூலை ஸ்பீக்கரில், எங்கோ ஒரு மலையில் விழுகிற அருவி, கரை உடைத்த வெள்ளம் போலச் சோவென்று இரைந்தது.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. லஸ்கரைக் காணோம். மூலையில் சாத்தியிருந்த, மதகு திருகுகிற அவருடைய பழைய ஸ்பானரையும் காணோம். வாசலில் அவருடைய ஒரு செருப்பு மட்டும் கிடந்தது.

தெருக்கோடியில் உள்ள மதகில் இப்போது குமார் என்கிற புது லஸ்கர் இருக்கிறார். "எல்லாம் சரியா இருக்குண்ணே. நீங்க ரிட்டயர்டுண்ணே" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். இவர் வந்து உட்கார்ந்தார். பாபு மறுபடி போட்டார். மறுபடியும் ஓட்டம். மூன்றாவது தடவை நான் அவர் தோளைப் பிடித்துத் திருப்பி, அந்த மூலை ஸ்பீக்கரையே காட்டினேன்.

"பாருங்க லஸ்கர். இந்தப் பொட்டிதான் சத்தம் போடுது. வாய்க்கால் இல்லை."

"எனக்குத் தெரியுது சார்" என்றார். மூச்சு வாங்கியது. "காலுக்குத் தெரியலை."

அன்றைக்குத்தான் அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு ஐந்து நாள் இருந்தது. சமையலறையில் மல்லிகா ஊறுகாய் ஜாடியின் வாய்க்குத் துணி கட்டிக்கொண்டிருந்தாள். மூட்டை கட்டும் சத்தம் அந்த வீட்டில் ஐந்து ஸ்பீக்கரையும் தாண்டிக் கேட்டது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "சார், நீங்க ஒரு காரியம் பண்ணணும். தண்ணியே வராத படமா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. ஆறு, கொளம், மழை எதுவும் கூடாது. கொழாயில சொட்டுறதுகூட வேணாம். நீங்க பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் நான் நம்புவேன்."

தமிழ்ப் படத்தில் தண்ணீர் இல்லாமல் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும் கஷ்டம். மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றில் ஆற்றங்கரையில் காதல். ஒன்றில் கிணற்றில் குதிக்கிறாள். மழையில் பாட்டு இல்லாத படமே கிடைக்காது போலிருந்தது. வறட்சியைப் பற்றிய படம் என்று நம்பி ஒன்றைப் பார்த்தேன். கடைசிக் காட்சியில் ஊரே ஆடுகிற அளவுக்கு மழை கொட்டித் தீர்த்தது. ஒரு வழியாக நாலாவது நாள் காலையில் ஒரு பழைய குடும்பப் படம் சிக்கியது. கதை முழுக்க ஒரே வீட்டுக்குள் நடக்கிறது. டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறார், அம்மாக்காரி நாலு இடத்தில் அழுகிறாள். மற்றபடி வறண்ட நிலம். நான் முறைப்படி தடையில்லாச் சான்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். இந்தத் தாளை அவர் மேசைக் காலுக்கு வைக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பஸ் திங்கட்கிழமை காலை. படம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு.

ஷட்டர் பொறுப்பை அவர் என்னிடம் ஒப்படைத்தார். சக்கரத்தைக் காட்டி, எத்தனை சுற்று என்று சொல்லிக் கொடுத்து, வேலை மாறுகிறவன் சாவி கொடுப்பது போலத்தான் கொடுத்தார். "நடுவுல நான் என்ன சொன்னாலும் கேக்காதீங்க" என்று வேறு சொன்னார். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒட்டிப் போட்டார். வேட்டி புதுசு. மல்லிகா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். விடிவதற்கு முன்பிருந்து ஓசூருக்காக முறுக்கும் அதிரசமும் சுட்டவள், உடம்பெல்லாம் எண்ணெய் வாசனை.

"உக்காருவீங்களா?"

"உக்காந்துட்டேன் பாரு."

"இன்னும் படமே போடலை."

நான் பதினோரு சுற்றும் சுற்றித் திறந்தேன். கால்வாசி, அரைவாசி என்ற பேச்சுக்கெல்லாம் நான் இடம் கொடுக்கவில்லை. பெயர்கள் ஓடின. முதல் ஐந்து நிமிடம் லஸ்கரின் முழங்கால் தையல் மிஷின் போல ஆடியது. பிறகு துண்டை எடுத்து முறுக்கினார், பிரித்தார், மறுபடி முறுக்கினார். எட்டாவது நிமிடம் அவருடைய இடது கால் நாற்காலியை விட்டு வெளியே வந்து, வாசலைப் பார்த்துத் தரையில் ஊன்றிக்கொண்டது. பத்தாவது நிமிடம் உடம்பும் காலுக்குப் பின்னால் கிளம்பியது. இரண்டு கையும் நாற்காலிப் பிடியை அழுத்தின. இடுப்பு எழுந்துவிட்டது. முடிந்தது கதை, திங்கட்கிழமை பஸ்தான் என்று நான் சக்கரத்தில் கை வைத்துவிட்டேன்.

அந்த நொடியில் மல்லிகாவின் தலை சாய்ந்து அவர் தோளில் விழுந்தது. தூங்கிவிட்டாள்.

பாதி எழுந்த மனிதர் அப்படியே நின்றார். நின்றார் என்று சொல்வதா, உட்கார்ந்தார் என்று சொல்வதா, எனக்குத் தெரியவில்லை. பிறகு கனமான ஷட்டரை அங்குலம் அங்குலமாக இறக்குவது போலத் தன்னை இறக்கினார். தோள் மட்டும் வைத்த இடத்தில் இருந்தது. நாற்காலியில் முழுசாகப் பதிந்ததும் மூச்சை விட்டார், அதையும் தவணை முறையில்தான் விட்டார்.

படம் ஓடியது. அரை மணி நேரம். ஒரு மணி நேரம். முழங்கால் ஆடவில்லை. துண்டு கீழே விழுந்து கிடந்தது, எடுக்கவில்லை. அப்போதுதான் வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரத் தாழ்வாரத்தில் படபடவென்று விழுந்தது. அதற்கு நான் சான்று கொடுத்திருக்கவில்லை. அவர் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"சார்." உதடு மட்டும் அசைந்தது.

"என்ன?"

"மழை."

"கேக்குது."

"மதகு."

"நீங்க என்ன சொன்னாலும் கேக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"நான் போகலை சார். நீங்க போங்க."

"நானா?"

"கேஜ் பாருங்க. ரெண்டரை அடிக்கு மேல இருந்தா எங்கிட்ட..." கொஞ்சம் யோசித்தார். தோளைப் பார்த்தார். "வேணாம். எங்கிட்ட சொல்ல வேணாம். குமார்கிட்ட சொல்லிடுங்க."

எத்தனையோ பேரை எத்தனையோ இடத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்கியவன் நான். என்னை ஒரு லஸ்கர் வாய்க்கால் மட்டம் பார்க்க அனுப்பினார். குடையை எடுத்துக்கொண்டு போனேன். மதகில் உர மூட்டைச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குமார் நின்றிருந்தார்.

"என்ன சார் நீங்க வந்திருக்கீங்க? அண்ணன் எங்க?"

"வீட்டுல. உட்கார்ந்திருக்கார்."

"உக்காந்திருக்காரா?" குமார் சாக்கை விலக்கி என்னை உற்றுப் பார்த்தார். "டாக்டர்கிட்ட காட்டினீங்களா சார்?"

அறைக்குள் அதற்குப் பிறகு நடந்ததை மல்லிகாதான் இரண்டு நாள் கழித்து என் மனைவியிடம் சொன்னாள். அவள் விழித்தபோது படம் முடிந்து சுவர் வெறும் நீலமாக இருந்ததாம். இவர் அதே நாற்காலியில் இருந்தாராம்.

"முழுசாப் பாத்தீங்களா?"

"உக்காந்திருந்தேன்."

"கதை என்ன?"

"தெரியலை. உன் தலை சரியாம இருக்கணுமேன்னு அதையே பாத்துக்கிட்டிருந்தேன். கை மரத்துப் போச்சு, கொஞ்சம் புடிச்சு விடு."

அவள் பிடித்துவிட்டாளாம். விட்டபடியே தீர்ப்பும் சொன்னாளாம். "ரெண்டு பேரும் படம் பாக்கலை. ஆகவே இது செல்லாது. மறுபடி மொதல்லேருந்து போடணும். அந்தப் பஸ்ஸை வேணாம்னு பையன்கிட்ட சொல்லிடுங்க."

மறுபடி போட்டார்கள். பல தடவை போட்டார்கள். அந்தப் படம் இன்றுவரை இடைவேளையைத் தாண்டவில்லை. ஒன்று அவர் எழுந்துவிடுவார், இல்லையென்றால் அவள் தூங்கிவிடுவாள். தை மாதம் இருவருமாக ஓசூர் போய்ப் பத்து நாள் பேரனோடு இருந்துவிட்டுத் திரும்பினார்கள். மகன் இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பில் இப்போது எந்த வீட்டிலும் ஒரு குழாய்கூட ஒழுகுவதில்லையாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாய்க்காலில் தண்ணீர் இரண்டு அடிகூட இல்லை. நான் மதகுக்குப் போன இரண்டாவது நிமிடமே அது தெரிந்துவிட்டது. ஆனாலும் படம் முடிகிற நேரம் வரைக்கும் குடையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கரையிலேயே நின்றிருந்தேன். மழையில் ஊறிய அந்த அறைக் கதவைச் சத்தமில்லாமல் திறப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.